எக்செல்லில் ஏறி இறங்கும் கடல்

எக்செல்லை வீட்டு வரவு செலவு கூட்ட மட்டுமே பலர் பயன்படுத்துகிறார்கள். பள்ளியில் படித்த கொசைனும் கால்குலஸும் அதில் எவ்வளவு சுலபமாக வேலை செய்கின்றன என்று காட்ட, கடல் ஓதத்தை எடுத்துக்கொண்டேன்.

இடம், கனடாவின் ஃபண்டி வளைகுடா. உலகிலேயே கடல் மட்டம் மிக அதிகமாக ஏறி இறங்குவது இங்கேதான். பர்ன்ட்கோட் ஹெட் என்ற கரையில் இந்த வித்தியாசம் 16 மீட்டர் வரை போகும். ஐந்து மாடி உயரம்! தண்ணீர் வற்றியிருக்கும்போது சுற்றுலாப் பயணிகள் கடல் தரையிலேயே நடக்கிறார்கள். எப்போது கரைக்குத் திரும்ப வேண்டும் என்பதுதான் கேள்வி.

தண்ணீர் ஒருமுறை வற்றி மறுமுறை வற்ற சுமார் 12 மணி 25 நிமிடம் ஆகும். அதாவது 12.42 மணி. ஏற்றம் 14 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம்.

புதிய ஒர்க்‌ஷீட்டில் ஏ2 செல்லில் 0 என்றும், ஏ3-ல் 0.5 என்றும் டைப் செய்யுங்கள். இரண்டையும் செலக்ட் செய்து, கீழ் மூலையில் உள்ள சிறு கட்டத்தை மவுஸால் பிடித்து ஏ27 வரை இழுங்கள். 12.5 மணி வரை தானே நிரம்பிவிடும். பி2-ல் இந்த பார்முலாவைக் கொடுங்கள். எழுத்துகளை மட்டும் ஆங்கிலத்தில் அடிக்க வேண்டும். காஸ் என்பதற்கு சி, ஓ, எஸ். பை என்பதற்கு பி, ஐ.

=7-7*காஸ்(2*பை()*ஏ2/12.42)

எக்செல் கோணத்தை டிகிரியில் அல்ல, ரேடியனில் கணக்கிடும். ஒரு முழுச் சுற்று 2 பை ரேடியன் என்பதால்தான் அது பார்முலாவில் வருகிறது. இதையும் பி27 வரை இழுங்கள். இரண்டு வரிசைகளையும் செலக்ட் செய்து ஸ்கேட்டர் சார்ட் போட்டால் அழகான வளைகோடு கிடைக்கும்.

இனி வேகம். சி3-ல் =(பி3-பி2)/(ஏ3-ஏ2) என்று கொடுத்து சி27 வரை இழுங்கள். மணிக்கு எத்தனை மீட்டர் ஏறுகிறது என்று வரும். மைனஸ் வந்தால் இறங்குகிறது.

முதல் அரை மணியில் தண்ணீர் ஏறுவது 22 செ.மீ.தான். இதே வேகம் என்று நம்பி நிற்பவர், 2 மணி நேரத்தில் சுமார் 90 செ.மீ. வரும் என்று நினைப்பார். பி6 செல்லைப் பாருங்கள், 3.29 மீட்டர்! இரண்டு ஆள் உயரத்துக்குச் சற்றுதான் குறைவு. சி9-ல் வேகம் 3.52. பாதி ஏறிய நேரத்தில்தான் கடல் மிக வேகமாக ஏறுகிறது.

ஏ வரிசையில் 0.5-க்குப் பதில் 0.1 இடைவெளி கொடுத்து எல்லாவற்றையும் 127-ம் வரிசை வரை இழுத்தால், அதிகபட்ச வேகம் 3.54 ஆகும். கால்குலஸ்படி 2×பை×7/12.42 என்று போட்டாலும் அதே விடைதான். நிமிடத்துக்கு 6 செ.மீ.

உண்மையான கடலில் நிலாவோடு சூரியனும் இழுக்கிறது. பின்னாளில் லார்டு கெல்வின் எனப்பட்ட வில்லியம் தாம்சன், இப்படிப்பட்ட பல அலைகளைக் கப்பிகளாலும் ஒரு கயிற்றாலும் கூட்டும் இயந்திரத்தை 1870-களில் உருவாக்கினார். (அங்கே போகிறவர்கள் என் ஷீட்டை நம்பாமல், கனடா அரசின் ஓத அட்டவணையைப் பார்க்கவும்.)

நமக்குக் கப்பி வேண்டாம். உதாரணத்துக்கு டி2-ல் =-1*காஸ்(2*பை()*ஏ2/12) என்றும், இ2-ல் =பி2+டி2 என்றும் கொடுங்கள். பிறகு 0.5 இடைவெளியிலேயே 722-ம் வரிசை வரை இழுத்து, இ வரிசைக்கு சார்ட் போடுங்கள். தொடக்கத்தில் 16 மீட்டராக இருக்கும் ஏற்ற இறக்கம் ஏழரை நாளில் 12 மீட்டராகச் சுருங்கி, 15-ம் நாள் மறுபடி 16-ஐத் தொடும்.