ஆதாரம் தொலைந்தால் என்ன செய்வது?

நமது பெருமாட்டி, வண்டித்தாவளம், மூலத்தறை, கன்னிமாரி பக்கத்துக் குடும்பங்களில் பலர் இன்று கோவை, திருப்பூர், மும்பை, வளைகுடா என்று பிழைப்பைத் தேடிப் போய்விட்டனர். ஊரில் மிச்சம் இருப்பது ஓர் ஓட்டு வீடும், அதைச் சுற்றிச் சில சென்ட் நிலமும், பூட்டிய பெட்டியில் இருப்பதாக எல்லோரும் நம்பிக் கொண்டிருக்கும் ஓர் ஆதாரமும்தான். தமிழ்நாட்டில் பத்திரம் என்பதை இங்கே ஆதாரம் என்கிறோம். ஆதார் அட்டை வந்த பிறகு இந்தச் சொல் படுத்தும் பாடு கொஞ்ச நஞ்சமல்ல. "ஆதாரம் கொண்டு வா" என்றால் பேரப்பிள்ளைகள் அட்டையை நீட்டுகிறார்கள்.

எங்கள் தெருவில் கணவரை இழந்த ஓர் அம்மாள். பேத்தியின் நர்சிங் படிப்புக்குக் கடன் வாங்க வேண்டியிருந்தது. பெட்டியைத் திறந்தால் கரையான் தின்றது போக மிஞ்சியது ஒரு கைப்பிடித் தூள். ஒரு தரகர் வந்து, "டூப்ளிகேட் ஆதாரம் எடுத்துத் தருகிறேன், இருபத்தைந்தாயிரம் ஆகும்" என்றார். அந்த அம்மாள் தாலிச் சரட்டை விற்கத் தயாராகிவிட்டார். அவருக்கு நான் எடுத்துச் சொன்னதைச் சங்க அன்பர்கள் எல்லோரும் அறிந்து கொள்வது நல்லது என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக் கொள்வோம். டூப்ளிகேட் ஆதாரம் என்று ஒன்று கிடையாது. மோட்டார் வண்டியின் ஆர்.சி. தொலைந்தால் 1989-ம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி 26-ம் எண் படிவம் கொடுத்து டூப்ளிகேட் வாங்கலாம். அமெரிக்காவில் சக்கரத்தின் மேல் இழுத்துச் செல்லும் வீடுகள் உண்டு. பல மாநிலங்களில் அவற்றுக்கும் கார் போலவே உரிமைச் சான்று இருக்கிறது. அது தொலைந்தால் கட்டணம் கட்டி வேறொன்று வாங்கிக் கொள்கிறார்கள். அங்கெல்லாம் அரசே "இவர்தான் உடைமையாளர்" என்று சொல்லிச் சான்று தருகிறது. 1858-ல் தென் ஆஸ்திரேலியாவில் டாரன்ஸ் என்பவர் நிலத்துக்கும் அதே முறையைக் கொண்டு வந்தார். நமது நாட்டில் அப்படியல்ல. 1908-ம் ஆண்டுப் பதிவுச் சட்டம் பதிவு செய்வது உரிமையை அல்ல. விற்றவரும் வாங்கியவரும் எழுதிக் கொண்ட காகிதத்தை. அந்தக் காகிதம் ஒன்றுதான் எழுதப்பட்டது. அதை இரண்டாம் முறை யாரும் உண்டாக்க முடியாது.

ஆனால் காகிதம் போனால் நிலம் போய்விடாது. ரயில்வேயில் ஒற்றைப் பாதையில் டோக்கன் முறை இருந்த காலத்தில், டோக்கன் தொலைந்து போனால் வண்டிகள் நாள் கணக்கில் நின்றுவிடுவதில்லை. விதிப்படி எழுத்து மூலம் பேப்பர் லைன் கிளியர் கொடுத்து வண்டியை விடுவோம். இங்கும் அப்படி ஒரு வழி இருக்கிறது. பதிவின் போதே ஆதாரத்தின் முழு வாசகமும் சப் ரிஜிஸ்திரார் ஆபீஸின் 1-ம் எண் புத்தகத்தில் ஏறிவிடுகிறது. அதிலிருந்து முத்திரையிட்டுத் தரும் நகலை நம் பக்கத்து ஆபீஸ்களில் "அடையாள சகிதம்" என்பார்கள். பதிவுச் சட்டத்தின் 57-வது பிரிவு, மூலத்தில் என்ன எழுதியிருந்தது என்பதை நிரூபிக்க இந்த நகல் போதும் என்கிறது. இன்னொரு நல்ல செய்தி: 1-ம் எண் புத்தகத்தின் நகலை யார் வேண்டுமானாலும் கேட்கலாம். துபாயில் இருக்கும் மகன் பவர் எழுதி அனுப்ப வேண்டியதில்லை. ஊரில் இருக்கும் சித்தப்பா மனுக் கொடுத்தால் போதும்.

நகல் வாங்க ஆதாரத்தின் எண்ணும் ஆண்டும் வேண்டும். பலருக்கு இங்கேதான் வண்டி நின்றுவிடுகிறது. எண் தெரியாவிட்டால் பின்னாலிருந்து முன்னால் போக வேண்டும். வீட்டில் ஏதாவது ஒரு பழைய நிலவரி ரசீது, அதாவது கரம் அடைத்த ரசீது, கட்டாயம் இருக்கும். அரிசிப் பானைக்குப் பின்னாலாவது இருக்கும். அதில் தண்டப்பேர் எண்ணும் சர்வே எண்ணும் உண்டு. அதைக் கொண்டு வில்லேஜ் ஆபீஸில் கேட்டால், போக்குவரவு எந்த ஆதாரத்தின் பேரில் நடந்தது என்று தேடிப் பார்க்கலாம். அல்லது சர்வே எண்ணைக் கொடுத்து வில்லங்கச் சான்றுக்கு மனுச் செய்யலாம். அதில் அந்த நிலத்தில் நடந்த பதிவுகள் எண்ணோடும் ஆண்டோடும் வரிசையாக வரும். ஆள் பெயரை வைத்தும் ஆபீஸின் அட்டவணையில் தேடலாம். சர்வே எண் பழையதா, ரீசர்வேக்குப் பின் வந்ததா என்று பார்த்துக் கொள்ளுங்கள். பழைய ஆதாரங்கள் பழைய எண்ணில்தான் இருக்கும். 2022-ல் கேரளத்தில் டிஜிட்டல் சர்வே தொடங்கியிருப்பதால் இனி மூன்றாவதாகவும் ஓர் எண் வரக்கூடும்.

நம் தாலுகாவுக்கென்று ஒரு தனிச் சிக்கலும் இருக்கிறது. பாலக்காடு மலபார் ஜில்லாவோடு சென்னை மாகாணத்தில் இருந்தபோது, சித்தூர் கொச்சி ராஜ்யத்தைச் சேர்ந்திருந்தது. ஆகவே தாத்தா காலத்து ஆதாரங்களில் கொல்லம் ஆண்டு இருக்கும். நம் ஆவணிதான் அவர்களுக்குச் சிங்கம், அதில்தான் புத்தாண்டு. சிங்கத்திலிருந்து டிசம்பர் முடிய வரும் தேதிகளுக்கு 824-ம், ஜனவரியிலிருந்து 825-ம் கூட்டினால் ஆங்கில ஆண்டு கிடைக்கும். கொல்லம் 1110 கன்னி என்றால் 1934. அதே 1110 கும்பம் என்றால் 1935. இந்த ஒரு ஆண்டு வித்தியாசத்தால் தேடல் மனு வீணாகித் திரும்பி வந்தவர்களை எனக்குத் தெரியும்.

ஆதாரமே இல்லாமல் பட்டயம் மட்டும் உள்ளவர்களும் நம்மில் நிறைய. 1-1-1970 முதல் குத்தகை நிலத்தின் ஜன்மி உரிமை அரசைச் சேர்ந்தது. அதன்பின் லேண்ட் டிரிபியூனல் கிரயச் சான்று கொடுத்தது. அதைத்தான் பட்டயம் என்கிறோம். அது சப் ரிஜிஸ்திராரிடம் எழுதிப் பதிந்த ஆதாரம் அல்ல. அங்கே போய் நிற்பதில் பயனில்லை. டிரிபியூனலின் கோப்பு எண்ணைச் சொல்லி ரெவின்யூ இலாகாவில்தான் நகல் கேட்க வேண்டும். எண்ணுக்கு முன்னால் ஓ.ஏ. என்றோ எஸ்.எம். என்றோ இருக்கும், அந்த இரண்டு எழுத்தையும் விடாமல் எழுதுங்கள். இடுக்கியில் தேவிகுளம், உடும்பன்சோலை பக்கத்து உறவினர்களின் பட்டயங்கள் பெரும்பாலும் வேறு வகை. அரசு நிலத்தைப் பதித்துக் கொடுத்தவை. அவற்றுக்குத் தாலுகா ஆபீஸிலிருந்து தொடங்க வேண்டும்.

நகல் கையில் வந்தால் வேலை முடிந்ததா? கோர்ட்டுக்கு முடிந்தது, பேங்கிற்கு முடியவில்லை. மூல ஆதாரத்தைக் கொண்டு போய் ஒப்படைத்தாலே கடன் கொடுக்கும் வழக்கம் 1882-ம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்திலேயே இருக்கிறது. அப்படிப்பட்ட அடமானம் எல்லாமே வில்லங்கச் சான்றில் வந்துவிடும் என்று சொல்ல முடியாது. எனவே "தொலைந்தது" என்று சொன்னதும் எதிரில் இருப்பவருக்கு, வேறெங்கோ ஈடு வைத்திருப்பாரோ என்ற சந்தேகம் வரும். அவர் மேல் கோபிக்க வேண்டாம். நாம் வாங்குபவராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்போம். இந்தச் சந்தேகத்தைத் தீர்க்கத்தான் போலீஸில் புகார், பத்திரிகையில் அறிவிப்பு, நோட்டரி முன் சத்தியப் பிரமாணம் ஆகியவை. புகாரைக் கேரள போலீஸின் "துணா" இணையதளம் மூலமும் கொடுக்கலாம். அறிவிப்பை மலையாளப் பத்திரிகை ஒன்றில் போடுங்கள். ஆதாரம் யார் கையிலாவது இருந்தால் அவர் இந்த ஊரில்தான் இருப்பார். 2011-ல் தொடங்கிய செர்சாய் என்ற மத்தியப் பதிவகத்தில், பேங்குகள் ஈடு வாங்கிய சொத்துகளைத் தேடிப் பார்க்கவும் வழி உண்டு. கரையான் தின்றதென்றால் மிஞ்சிய துண்டுகளை எறியாதீர்கள். அந்த அம்மாளின் விஷயத்தில் ஓரத்தில் முத்திரை தெரிந்த ஒரு துண்டைத்தான் பேங்க் மேனேஜர் முதலில் கையில் எடுத்துப் பார்த்தார்.

பேங்கே தொலைத்துவிட்டால்? ரிசர்வ் வங்கி 13-9-2023 தேதியில் இதற்கு உத்தரவு போட்டிருக்கிறது. கடன் முழுவதும் அடைந்த 30 நாளுக்குள் மூலங்களைத் திருப்பித் தர வேண்டும். பேங்கின் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு ரூ.5,000 நஷ்ட ஈடு. தொலைந்து போயிருந்தால் நகல் எடுக்க உதவுவதும் செலவை ஏற்பதும் பேங்கின் பொறுப்பு. அதற்கு மேலும் 30 நாள் அவகாசம், அதன் பிறகு அதே நஷ்ட ஈடு. 1-12-2023 முதல் திருப்பித் தர வேண்டிய மூலங்களுக்கு இது பொருந்தும். வாயால் கேட்காமல் எழுத்தில் கேளுங்கள், தேதி போட்டுக் கையெழுத்து வாங்குங்கள்.

பொள்ளாச்சியில் உள்ள மைத்துனர் சொல்லும் வழியை இங்கே அப்படியே நடத்தப் பார்க்க வேண்டாம். எல்லைக்கு அந்தப்பக்கம் விதிகளும் வழக்கமும் வேறு. மலையாளத்தில் மனு எழுதத் தெரியவில்லையே என்ற தயக்கமும் வேண்டாம். குறைகளை மாநிலத்தில் வழங்கும் மொழி எதிலும் முறையிடலாம் என்று அரசியல் சட்டத்தின் 350-வது ஷரத்து சொல்கிறது. ஆனால் அவசரமென்றால் மலையாளத்தில் எழுதிக் கொடுப்பதே சீக்கிரம் நடக்கும்; உரிமை வேறு, வேலை நடப்பது வேறு.

அந்த அம்மாளுக்கு அடையாள சகிதம் கிடைக்கச் சில நூறு ரூபாய்தான் ஆயிற்று. தாலிச் சரடு கழுத்தில் இருக்கிறது. பேங்க் நகலையும் புகார் ரசீதையும் வில்லங்கச் சான்றையும் சேர்த்து வாங்கிக் கொண்டது. பேத்தி இப்போது இரண்டாம் வருஷம்.

ஆதாரம் பத்திரமாக இருக்கும் வீட்டார் அதன் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். ஆதார எண், ஆண்டு, புத்தகம், வால்யூம், பக்கம், சப் ரிஜிஸ்திரார் ஆபீஸின் பெயர் எல்லாம் அங்கே இருக்கும். அவற்றை ஒரு நோட்டில் எழுதி, அதன் படியை வெளியூரில் உள்ள பிள்ளைக்கும் அனுப்பி வையுங்கள். லேமினேட் மட்டும் செய்யாதீர்கள். பழைய முத்திரைத் தாளில் ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிறகு பிரிக்க முடியாது.