சுட்டது யார்?
ஆங்கில வாக்கியத்தின் தலையில் வரும் அடைகள் குறித்து

உண்மை அறியும் குழுவின் அறிக்கையொன்றை ஆங்கிலத்தில் கொண்டுவருகிறோம் என்று வைத்துக்கொள்வோம். தமிழில் இப்படி இருக்கிறது: 'வானத்தை நோக்கிச் சுட்டதும் கூட்டம் சிதறி ஓடியது.' சுட்டது போலீஸ் என்பது முந்தைய வரியிலேயே இருக்கிறது. நண்பர் எழுதுகிறார்: 'ஹேவிங் ஃபயர்டு இன் தி ஏர், தி க்ரவுட் ரேன்.' முடிஞ்சது கதை. இந்த ஆங்கில வாக்கியப்படி சுட்டது கூட்டம்தான்!

தலைப்பில் வரும் இத்தகைய எச்சத் தொடருக்குச் சொந்த எழுவாய் கிடையாது. காற்புள்ளியைத் தாண்டியதும் எந்தப் பெயர் எழுவாயாக நிற்கிறதோ அதையே பற்றிக்கொள்ளும். வில்லியம் ஸ்ட்ரங்க் 1918இலேயே இதை விதியாக எழுதிவைத்தார். 1926இல் ஃபவுலர் இவற்றை 'ஒட்டாத எச்சங்கள்' என்றார். இன்று 'டாங்ளிங் மாடிஃபயர்' என்கிறார்கள். அந்தரத்தில் தொங்கும் அடை.

நாம் ஏன் இங்கே சறுக்குகிறோம்? ஆங்கிலம் தெரியாததால் மட்டும் அல்ல, தமிழ் தெரிந்ததாலும்தான். 'செய்து' என்னும் எச்சம் தன் வினைமுதலின் வினையையே கொண்டு முடியும் என்கிறது தொல்காப்பியம். ஆனால் 'சுட', 'சுட்டதும்', 'சுட்டபோது' என்பவற்றுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. சுட்டவர் ஒருவர், ஓடியவர் வேறொருவர் என்று இருக்கலாம். 'கால் ஒடிந்து விழுந்தான்' என்பதில் ஒடிந்தது கால், விழுந்தது ஆள். சினையின் வினை முதலோடு முடிவதையும் தொல்காப்பியம் ஏற்கிறது. ஆங்கிலம் இவ்வளவு தாராளம் காட்டாது. 'பீட்டன் இன் கஸ்டடி, ஹிஸ் லெக் வாஸ் ஃப்ராக்சர்டு' என்றால் அடிபட்டது ஆள் அல்ல, அவன் கால். 'ஹி சஃபர்டு எ ஃப்ராக்சர்டு லெக்' என்று ஆளையே எழுவாயாக்க வேண்டும்.

முதல் வாக்கியத்துக்கு வருவோம். 'வென் தி போலீஸ் ஃபயர்டு இன் தி ஏர், தி க்ரவுட் ரேன்' என்று எச்சத்தை முழு வாக்கியமாக்கி, உள்ளேயே எழுவாயை வைத்துவிடலாம். இல்லையென்றால் காற்புள்ளிக்குப் பின் போலீஸை நிறுத்தி, அது அடுத்துச் செய்ததைச் சொல்லலாம். அப்படி ஏதும் நடந்திருந்தால் மட்டும். இலக்கணத்துக்காகச் சம்பவத்தைத் திருத்தக் கூடாதில்லையா?

இன்னொரு வகை இதைவிட நுட்பமானது: 'ஆஃப்டர் எக்ஸாமினிங் தி பாடி, இட் வாஸ் டிசைடட்...' உடலைப் பரிசோதித்தது யார், முடிவெடுத்தது யார்? இங்கே 'இட்' வெறும் இடநிரப்பி. வேறு யார்மீதும் பழி விழவில்லை. செய்தவரே காணாமல் போய்விட்டார். அரசுக் கோப்புகளின் மொழி இது. அதை எதிர்த்து எழுதுகிற நாமும் அதையே எழுதிவிடுகிறோம்.

விதிவிலக்குகள் உண்டு. 'கன்சிடரிங்', 'ஜெனரலி ஸ்பீக்கிங்' போன்றவை தனித்து நிற்கலாம். ஷேக்ஸ்பியரும் மீறியிருக்கிறார். தோட்டத்தில் உறங்கியபோது தன்னைப் பாம்பு கடித்ததாகக் கதை கட்டிவிட்டார்கள் என்று ஹாம்லெட்டின் தந்தையின் ஆவி சொல்லும் இடத்தில், வாக்கிய அமைப்பின்படி உறங்கியது பாம்பு. யாரும் குழம்புவதில்லை. ஆனால் அது கொலையை மறைக்கப் பரப்பிய கதை என்பதைக் கவனிக்க வேண்டும்.

'சப்ஜெக்ட்' என்னும் ஒரே சொல்லை நாம் 'எழுவாய்' என்றும் 'தன்னிலை' என்றும் பெயர்க்கிறோம். தன்னிலை பற்றிப் பக்கம் பக்கமாக விவாதிக்கிறோம், சரி. அறிக்கையை அச்சுக்கு அனுப்புமுன் ஒவ்வொரு காற்புள்ளியிலும் நின்று, 'யாருப்பா இதைச் செஞ்சது?' என்று ஒரு தடவை கேட்டுவிடுவோம்.