கோடு பொய் சொல்லவில்லை, கண்தான் சொல்கிறது: ஏன்?

ஒரே நீளமுள்ள இரண்டு கோடுகள். ஒன்றின் முனைகளில் சிறு கோடுகள் உள்நோக்கி மடங்கியிருக்கும். மற்றதில் வெளியே விரிந்திருக்கும். விரிந்ததுதான் நீளம் என்று கண் சாதிக்கும். 1889இல் ஜெர்மானியரான முல்லர்-லையர் வெளியிட்ட படம் இது. அதற்குப் பத்தாண்டு முன்புதான் ஜெர்மனியின் லைப்சிக்கில் உளவியலாளர் வூண்ட் உளவியல் ஆய்வுக்கூடம் தொடங்கியிருந்தார்.

எப்படி அளப்பது? ஒரு கோட்டை நீட்டிக் குறைத்து, இரண்டும் சமமாகத் தோன்றும் இடத்தில் நிறுத்தச் சொல்வார்கள். பிழை எத்தனை மில்லிமீட்டர் என்று அளவுகோல் காட்டிவிடும். பலமுறை செய்து சராசரி எடுப்பார்கள்.

இந்தச் சோதனையை ஆங்கிலேய ஆய்வாளர் ரிவர்ஸ் 1901-02இல் நீலகிரித் தோடர்களிடம் செய்தார். தோடர்கள் ஆங்கிலேயரைவிடக் குறைவாகவே ஏமாந்தார்கள்! ஆனால் நிமிர்ந்த கோடு கிடைக்கோட்டைவிட நீளமாகத் தெரியும் மாயத்தில் அதிகம் ஏமாந்தார்கள். படிக்காதவர் எல்லாவற்றிலும் ஏமாறுவார் என்ற எண்ணத்துக்கு இதைவிட நல்ல பதில் கிடையாது.

ஏன் இந்த வேறுபாடு? மூலைமூலையான கட்டடங்களுக்குள் வளர்ந்த கண்ணின் பழக்கம் என்று 1960களில் ஒரு விளக்கம் வந்தது. விவாதம் இன்னும் முடியவில்லை. குழுக்களை ஒப்பிட்டால் வேறுபாடு தெரியும். காரணம் தெரிய, ஒன்றை மட்டும் மாற்றி மற்றதை அப்படியே வைத்துச் சோதிக்க வேண்டும்.

பள்ளித் தேர்வுக்கும் இது பொருந்தும். கல்வராயன் மலையில் ஒரு மலையாளிப் பழங்குடிப் பிள்ளையிடம், அது பார்த்தே இராத லிஃப்டின் படத்தைக் காட்டி மதிப்பெண் போட்டால், அளக்கப்படுவது அறிவல்ல, பழக்கம். கள்ளக்குறிச்சியில் கேள்வித்தாள் தயாரிப்பவர்கள், முதலில் அந்த மலையிலுள்ள வெள்ளிமலைக்கு ஒருமுறை போய்வர வேண்டும்.