கோதாரியும் குளிர்ப்பெட்டியும்

யாழ்ப்பாணத்துப் பேச்சுவழக்கிலே கோதாரி என்றொரு சொல் உண்டு. கோபம் வந்தாலும் சலிப்பு வந்தாலும் நம்மவர் நாவில் அது தானாக எழும். அச்சொல் ஒருகாலத்தில் வாந்திபேதி நோயைக் குறித்தது என்பதை இன்றைய இளைஞரிற் பலர் அறியார். ஒரு நோயின் பெயர் வசைமொழியாகி, நோய் நீங்கிய பின்னும் நாவிலே நிலைத்திருக்கின்றதென்றால், அந்நோய் நம் முன்னோரை எத்துணை அஞ்ச வைத்திருக்கும் என்பதை நேயர்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

1866, 1867ஆம் ஆண்டுகளில் குடாநாட்டைப் பற்றிய வாந்திபேதி எண்ணற்ற உயிர்களைக் கொண்டுசென்றது. நோய்க்குக் காரணமான கிருமியைக் கொக் என்னும் ஜெர்மானிய அறிஞர் உறுதிப்படுத்தியது 1884இல். அதற்கு முன் நோய் எவ்வழியாகப் பரவுகின்றது என்பதிலேயே மருத்துவரிடையே ஒருமித்த கருத்து இருக்கவில்லை. அத்தகைய காலத்தில் மானிப்பாயிலே பணிபுரிந்தவர் அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன். 1847இல் இங்கு வந்த அவர், உள்ளூர் இளைஞரை வைத்தியராகப் பயிற்றினார். பின்னர் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். மருத்துவ நூல்களையும் தமிழில் ஆக்கினார். கொள்ளைநோய் வந்தபின் மருந்து தேடுவதைவிட, வருமுன்னரே ஊருக்குள் அறிவுடைய மனிதரை ஆயத்தம் செய்து வைப்பதே மேலானது என்பது அவருடைய பணி நமக்குக் கற்பிக்கும் பாடம். இன்று நான் சொல்ல விரும்புவதும் அதுவே. தடுப்பூசி ஒரு மருந்து மாத்திரமன்று. அது நெடுந்தூரம் செல்லும் ஒரு வழி. அவ்வழியை நோய் வருமுன்னரே அமைத்தல் வேண்டும்.

முதலில் அந்த வழி எப்படிப்பட்டது என்று பார்ப்போம். பெரியம்மைக்கு ஜென்னர் கண்ட தடுப்புப் பால் 1802இல் பம்பாயை அடைந்து, அதே ஆண்டில் இலங்கைக்கும் வந்தது. குளிர்ப்பெட்டி இல்லாத காலம் அது. ஒருவர் கையில் அம்மை குத்தி, எழுந்த கொப்புளத்திலிருந்து எடுத்து அடுத்தவர் கையிற் குத்தி, இப்படிக் கைமாறிக் கைமாறியே அம்மருந்து தேசங்களைக் கடந்தது. இடையில் ஒரு கை தவறினால் சங்கிலி அறுந்துவிடும். உலகநாடுகள் ஒன்றுகூடி உழைத்ததன் பயனாக 1980இல் பெரியம்மை உலகிலிருந்தே ஒழிந்தது என்று அறிவிக்கப்பட்டது.

இன்று கைகளுக்குப் பதிலாகக் குளிர்ப்பெட்டிகள் இருக்கின்றன. பெரும்பாலான தடுப்பு மருந்துகளை 2 முதல் 8 பாகை வெப்பநிலையிற் காத்தல் வேண்டும். சூடு மிஞ்சினாலும் மருந்து கெடும்; சில மருந்துகள் உறைந்தாலும் கெடும். கெட்ட மருந்தை ஏற்றிக்கொண்ட பிள்ளை காவல் பெற்றதாகத் தாய் நம்பியிருப்பாள். நோய் வரும்போதுதான் உண்மை தெரியும். தொழிற்சாலையிலிருந்து கிராமத்துக் கிளினிக் வரையில் ஓரிடத்திலேனும் குளிர் அறாமல் இருப்பதற்கு மின்சாரமும் வேண்டும், வாகனமும் வேண்டும், வெப்பமானியை நாள்தோறும் பார்த்துக் குறிக்கும் கடமையுணர்வும் வேண்டும். வறிய நாடுகளில் மருந்து வந்து இறங்கியும் பிள்ளையைச் சேராமற்போவது இவ்விடத்திலேதான்.

நம் நாடு செல்வ நாடன்று. ஆயினும் இவ்வழியை நெடுங்காலத்துக்கு முன்னரே அமைக்கத் தொடங்கியது. 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு நிறுவப்பட்டது. இன்று சுகாதார வைத்திய அதிகாரி, பொதுச் சுகாதாரப் பரிசோதகர், குடும்பநல உத்தியோகத்தர் என்று ஊர்தோறும் பணிபுரியும் அமைப்பின் வித்து அதுவே. 1978இல் விரிவான தடுப்பூசித் திட்டம் தொடங்கியபோது, மருந்தைக் கொண்டுசெல்ல வேண்டிய கால்கள் முன்னரே ஊர்களில் நடமாடிக்கொண்டிருந்தன. 1993க்குப் பின் இந்நாட்டில் இளம்பிள்ளை வாதம் காணப்படவில்லை.

போர்க்காலத்தை நினைத்துப் பாருங்கள். 1990இலிருந்து குடாநாடு நாட்டின் பொது மின்வழங்கலை இழந்திருந்தது, தரைப்பாதையும் அடைபட்டிருந்தது. அந்நிலையிலும், 1995 முதல் நடைபெற்ற போலியோத் தடுப்பு நாட்களுக்காக, யுனிசெவ் நிறுவனத்தின் முயற்சியால் இரு தரப்பினரும் துப்பாக்கிகளை மௌனமாக்க இணங்கினர். அவை அமைதி நாட்கள் எனப்பட்டன. 1985இல் எல் சல்வடோர் நாட்டில் முதன்முதலாகக் கைக்கொள்ளப்பட்ட முறை அது. வேறெதிலும் உடன்படாதவர்கள் குழந்தையின் நாவில் விழும் இரண்டு துளி மருந்துக்காக உடன்பட்டார்கள்.

ஆனால் வழி நம்முடையதாயினும் மருந்து நம்முடையதன்று என்பதைக் கொவிட் காலம் உணர்த்திற்று. 2021 ஜனவரி 28இல் இந்தியா அன்பளிப்பாக வழங்கிய 5 இலட்சம் தடுப்பூசிகள் வந்தன. மறுநாளே ஏற்றும் பணி தொடங்கியது. பின்னர் இந்தியாவில் நோய் பெருகவே, அங்கிருந்து ஏற்றுமதி தடைப்பட்டது. முதலாம் ஊசி பெற்ற பல இலட்சம் பேர் இரண்டாம் ஊசிக்காக மாதக்கணக்கிற் காத்திருந்தனர். ஜூலை இறுதியில் யப்பான் அனுப்பிய மருந்து வந்த பின்னரே அக்குறை தீரத் தொடங்கியது. யாழ்ப்பாண மக்களுக்குச் சீன நாட்டின் சினோபார்ம் ஊசி அதே ஆண்டு மே மாத இறுதியிற் கிடைத்தது. நம்மிலும் வறிய நாடுகளின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. 2021 முடிவிலே, மிகக் குறைந்த வருமானமுள்ள நாடுகளில் நூற்றுக்குப் பத்துப் பேர்கூட ஓர் ஊசியேனும் பெற்றிருக்கவில்லை. செல்வ நாடுகளோ மூன்றாம் ஊசி ஏற்றிக்கொண்டிருந்தன. இந்த ஏற்றத்தாழ்வைக் குறைக்கும் நோக்கத்துடன், உலக சுகாதார நிறுவனத்தின் உறுப்பு நாடுகள் 2025 மே 20ஆம் திகதி ஓர் உடன்படிக்கையை ஏற்றன. நோய்க்கிருமி பற்றிய தகவலையும் அதனால் விளையும் மருந்தையும் எவ்வாறு பகிர்வது என்ற கடினமான பகுதி பின்னைய பேச்சுக்கு விடப்பட்டது.

ஆயத்தம் என்பது ஊசி மாத்திரமன்று. 2024 டிசம்பரில், பெருமழையின் பின், வடமராட்சிப் பகுதியில் இன்னதென்று அறியப்படாத காய்ச்சலாற் சிலர் உயிரிழந்தனர். இரத்த மாதிரிகளைச் சோதித்தபோது அது எலிக்காய்ச்சல் என்று தெரியவந்தது. அதற்கு நம்மிடையே வழக்கமான தடுப்பூசி கிடையாது. ஆயினும் நோய் இன்னதென்று தெரிந்தவுடன், வயலிலும் சேற்றிலும் இறங்குவோருக்கு முற்காப்பு மாத்திரை வழங்க முடிந்தது. மரணங்களைக் கவனித்து அறிவிப்பவரும், மாதிரியைச் சோதிக்கும் கூடமும் இல்லாதிருந்தால், அதுவும் இன்னொரு கோதாரியாகவே பேசப்பட்டிருக்கும்.

பெற்ற வெற்றியும் தானாக நிலைப்பதன்று. சின்னமுத்து நோயை ஒழித்த நாடு என்று 2019இல் இலங்கை சான்று பெற்றது. 2023இல் அந்நோய் மீண்டும் தலைகாட்டியது. 2024 ஜனவரியில் ஒன்பது சுகாதார மாவட்டங்களிற் கைக்குழந்தைகளுக்கு மேலதிக ஊசி ஏற்ற வேண்டியதாயிற்று. அவற்றில் யாழ்ப்பாணமும் ஒன்று. இந்நோயைத் தடுத்து நிறுத்த நூற்றுக்கு 95 பேரேனும் காவல் பெற்றிருத்தல் வேண்டும். எஞ்சிய சிலருடைய அசட்டையே நோய்க்கு வாசலாகிவிடும்.

அசட்டை என்றேன், பல வேளைகளில் அது அச்சமே. கர்ப்பப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுக்கும் ஊசி 2017 முதல் ஆறாந்தர மாணவிகளுக்குப் பாடசாலைகளில் ஏற்றப்படுகின்றது. எமது பாடசாலையில் ஒரு மாணவி சம்மதக் கடிதம் கொண்டுவரவில்லை. தாயாரை அழைத்துக் கேட்டேன். "சேர், இது புது ஊசியெல்லோ? நாளைக்குப் பிள்ளைக்கு ஏதும் நடந்தால் ஆர் பதில் சொல்லுறது?" என்றார். நான் சொன்ன விளக்கம் எதுவும் அவர் மனத்திற் பதியவில்லை. அவ்வேளை குடும்பநல உத்தியோகத்தர் உள்ளே வந்தார். அந்தப் பிள்ளை பிறந்த பத்து நாட்களுக்குள் வீடு தேடிச் சென்று பார்த்தவர் அவர். "அக்கா, நான் சொன்னால் நம்ப மாட்டீங்களே?" என்று ஒரு வார்த்தைதான் கேட்டார். தாயார் பேனாவை வாங்கிக் கையொப்பமிட்டார்.

அந்தக் கையொப்பத்தை என் பட்டமும் பதவியும் பெற்றுத்தரவில்லை. பதினொரு ஆண்டுகளுக்கு முன் அந்த வீட்டுப் படலையைத் திறந்து உள்ளே சென்ற கால்கள் பெற்றுத்தந்தன. தடுப்பூசி செல்லும் வழியின் கடைசிப் பகுதி இதுதான். அதற்குக் குளிர்ப்பெட்டி இல்லை. நம்பிக்கையே அதைக் கெடாமற் காக்கின்றது. அந்த நம்பிக்கையை நோய் வந்த நாளில் அவசரமாக விலைக்கு வாங்க எந்த நாட்டாலும் முடியாது.

ஆகவே, நேயர்களே, இன்றிரவே உங்கள் வீட்டுப் பிள்ளையின் சுகாதாரப் பதிவேட்டை எடுத்துப் பாருங்கள். தவறிய ஊசி ஏதுமிருந்தால் அடுத்த கிளினிக் நாளில் அதைப் போடுவியுங்கள். கோதாரி என்பது நம் பிள்ளைகளுக்கு வெறும் சொல்லாகவே இருந்துவிடட்டும்.