ஒற்றை டர்போவின் கணக்கு

1993-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த டொயோட்டா சுப்ராவின் பானெட்டைத் திறந்தால் நீளவாக்கில் ஒரு மூன்று லிட்டர் எஞ்சின் தெரியும். ஆறு சிலிண்டர்களும் ஒரே வரிசை. அதன் பக்கவாட்டில் இரண்டு சிறிய டர்போக்கள். இந்தக் காரை வாங்கி மாற்றியமைக்கும் பித்தர்கள் பெரும்பாலும் முதலில் கழற்றுவது அந்த இரண்டையும்தான். அந்த இடத்தில் பெரிதாக ஒரே ஒரு டர்போவைப் பொருத்துவார்கள். பெரிய டர்போ, பெரிய சக்தி என்று மேலோட்டமாகச் சொல்லிவிடலாம். ஆனால் அந்த இரட்டை டர்போவைக் கொண்டு டொயோட்டாவின் பொறியாளர்கள் மெனக்கெட்டு ஒளித்துவைத்திருந்தது ஒரு தாமதத்தை. ஒற்றை டர்போ கட்டுகிறவர் அதை வெளியே இழுத்துவிடுகிறார். இழுத்துவிட்ட தாமதத்தை எங்கே, எவ்வளவு வைத்துக்கொள்வது என்பதிலேயே அவருடைய திறமை முழுவதும் அடங்கியிருக்கிறது.

முதலில் காற்று. சக்தி பெட்ரோலில் இருக்கிறது என்று நினைக்கிறோம். பெட்ரோலை எவ்வளவு வேண்டுமானாலும் ஊற்றலாம், எரிக்கக் காற்று கிடைக்க வேண்டுமே. நான்கு வீச்சு எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை தன் கொள்ளளவுக்குக் காற்றை இழுக்கும். 2ஜேஇசட் என்று பெயர் பெற்ற இந்த எஞ்சின் நிமிடத்துக்கு 6000 சுற்றில் ஓடும்போது நொடிக்கு 150 லிட்டர் இழுக்கும். 30 டிகிரி வெயிலில் அந்த 150 லிட்டரின் எடை வெறும் 175 கிராம். சிலிண்டரின் அளவை மாற்ற முடியாது. உள்ளே போகும் காற்றின் எடையை மாற்றலாம். வெளிக்காற்றைப் போல இரு மடங்கு அழுத்தத்துக்கு அமுக்கி, சூட்டையும் தணித்து அனுப்பினால் அதே 150 லிட்டருக்குள் 330 கிராம் அடங்கும். சுமார் 440 குதிரைத்திறனுக்குப் போதுமான காற்று இது.

அமுக்குகிற வேலைக்கு ஆற்றல் எங்கிருந்து வரும்? சைலன்சர் வழியாக வீணாகப் போகும் புகையிலிருந்து எடுக்கலாம் என்று 1905-இல் காப்புரிமை பெற்றவர் சுவிட்சர்லாந்தின் ஆல்ஃபிரட் பூக்கி. 1918-இல் அமெரிக்கரான சான்ஃபோர்ட் மாஸ், லிபர்ட்டி என்ற விமான எஞ்சினை கொலராடோவின் பைக்ஸ் சிகரத்துக்கு, ஏறக்குறைய 4,300 மீட்டர் உயரத்துக்கு, ஏற்றிக்கொண்டு போனார். கடல் மட்டத்தில் 350 குதிரைத்திறன் தந்த அந்த எஞ்சின் மெல்லிய மலைக்காற்றில் 230-க்கு இறங்கியது. டர்போவை இணைத்ததும் 356.

அமைப்பு எளிமையானது. ஒரே தண்டின் இரு முனைகளிலும் இரண்டு சக்கரங்கள். ஒரு முனையில் எரிந்த புகை டர்பைனைச் சுழற்ற, மறுமுனையில் கம்ப்ரஸர் சுழன்று காற்றை அமுக்கும். மேலே சொன்ன 330 கிராமை ஒவ்வொரு நொடியும் இரு மடங்கு அழுத்தத்துக்கு ஏற்ற எவ்வளவு வேலை என்று கணக்கிட்டால் 30 கிலோவாட்டுக்குப் பக்கத்தில் வருகிறது, அதாவது 40 குதிரைத்திறன். மாருதி 800 காரின் எஞ்சின் முழுமூச்சில் தந்தது 37! உள்ளங்கைக்குள் அடங்கும் டர்பைன் அதைவிட அதிகமாகத் தர வேண்டும், அதுவும் 900 டிகிரி சூட்டுப் புகையில் நின்றுகொண்டு. 84 மில்லிமீட்டர் விட்டமுள்ள கம்ப்ரஸர் நிமிடத்துக்கு 1,10,000 முறை சுழன்றால் அதன் விளிம்பு நொடிக்கு 480 மீட்டர் ஓடுகிறது. ஒலி அதற்குப் பின்னால்தான் வரும். இவ்வளவும் ஓசி என்று சொல்வார்கள். முழு ஓசி இல்லை. டர்பைன் வழியை அடைத்து நிற்பதால் புகையை வெளியே தள்ள பிஸ்டன் கொஞ்சம் கூடுதலாக உழைக்கத்தான் வேண்டும்.

இனி தாமதம். ஆக்சிலேட்டரை மிதித்த கணத்தில் டர்போ தயாராக இருப்பதில்லை. புகை பெருக வேண்டும், சக்கரம் வேகம் பிடிக்க வேண்டும். சக்கரத்தின் விட்டம் கூடினால் அதன் எடை மும்மடிப் பெருக்கில் கூடும். சுழற்சியை எதிர்க்கும் நிலைமம் ஐம்மடிப் பெருக்கில் கூடும். 60 மில்லிமீட்டர் சக்கரத்துக்குப் பதில் அதே வடிவில் 80 மில்லிமீட்டர் வைத்தால் நிலைமம் நான்கு மடங்குக்கும் மேல். பெரிய சக்கரம் அவ்வளவு வேகமாகச் சுழலத் தேவையில்லை என்பது ஒரு சலுகை. அதைக் கழித்த பிறகும் அதற்கு ஊட்ட வேண்டிய சுழல் ஆற்றல் 2.4 மடங்கு நிற்கிறது.

டொயோட்டா இந்தச் சிக்கலை வேலைப் பங்கீட்டால் தீர்த்தது. குறைந்த சுற்றில் புகை முழுவதையும் ஒரே சிறிய டர்போவுக்குத் திருப்பிவிடுவது. சுமார் 3500-ஐத் தாண்டியதும் கொஞ்சம் புகையைக் கசியவிட்டு இரண்டாவதைச் சுழலவைத்துத் தயார்செய்வது. 4000-ஐ ஒட்டி இரண்டையும் சேர்த்து வேலை வாங்குவது. ஜப்பானில் விற்ற கார்களின் டர்பைன் சக்கரம் பீங்கான் வகையைச் சேர்ந்தது. நிக்கல் கலப்புலோகத்தின் எடையில் பாதிகூட இராது, சட்டென்று வேகம் பிடிக்கும். ஆனால் அழுத்தத்தை அளவுக்கு மீறி ஏற்றினால் நொறுங்கிவிடும். இந்தப் பங்கீட்டை நடத்தும் வால்வுகளை இயக்குவது மெல்லிய ரப்பர் குழாய்களின் கூட்டம். முப்பது ஆண்டுச் சூட்டில் ரப்பர் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஒற்றை டர்போவுக்கு மாறுகிறவர்களில் பலர் சக்திக்காக மட்டும் மாறுவதில்லை. எந்தக் குழாயில் கசிவு என்று தேடிச் சலித்தும் மாறுகிறார்கள்.

எந்த அளவு டர்போ என்பது அடுத்த கேள்வி. இந்த இடத்தில்தான் ஆசை அறிவை முந்துகிறது. எஞ்சினின் இரும்பு பிளாக் அவ்வளவு உறுதியானது. நல்ல நிலையில் இருந்தால் உள்ளுறுப்புகளைத் தொடாமலேயே தொழிற்சாலைச் சக்தியைப் போல இரு மடங்கைத் தாங்கும். அந்தப் புகழை நம்பி 800 குதிரைத்திறனுக்கான டர்போவை வாங்கினால் பூஸ்ட், அதாவது டர்போ ஏற்றித் தரும் அழுத்தம், 5000 சுற்றை ஒட்டித்தான் எழும். எஞ்சின் தாண்டக் கூடாத சிவப்புக் கோடு 6800. பந்தயத்தில் இது பெரிய குறையாகத் தெரியாது. ஜெர்மனியின் கெட்ராக் செய்த ஆறு கியர் பெட்டியில் 6800 வரை இழுத்து இரண்டிலிருந்து மூன்றுக்கு மாற்றினால் சுற்று 4850-க்கு விழும்; மூன்றிலிருந்து நான்குக்கு 5300. நேர்கோட்டில் முழு மிதியில் ஓடும் கார் டர்போ விழித்திருக்கும் எல்லையை விட்டு அநேகமாக இறங்குவதே இல்லை. சாலையிலோ மூன்றாம் கியரில் 2500 சுற்றில் ஒரு லாரியை முந்த வேண்டும். அந்தப் பெரிய டர்போ அப்போது காற்றுப்பாதையில் குறுக்கே நிற்கும் ஒரு தடை. சாலைக் காருக்கு 450, மிஞ்சினால் 550 குதிரைத்திறனுக்கு அளவெடுத்த டர்போ போதும் என்பது என் கட்சி. காகிதத்தில் தோற்கும், ஓட்டும்போது ஜெயிக்கும்.

சக்கரத்தைத் தேர்ந்த பிறகு டர்பைனைச் சுற்றியிருக்கும் நத்தைக்கூட்டையும் தேர்ந்தாக வேண்டும். கூட்டின் குழல் உள்நோக்கிப் போகப் போகக் குறுகும். அதன் குறுக்குப் பரப்பை, மையத்திலிருந்து அதன் தூரத்தால் வகுத்தால் எந்த இடத்தில் அளந்தாலும் ஒரே எண் வரும். 0.63, 0.82, 1.06 என்றெல்லாம் டர்போவின் மேல் பொறித்திருப்பது இந்த எண்ணைத்தான். எண் சிறிதானால் புகை வேகமாகப் பாய்ந்து பூஸ்ட் சீக்கிரம் எழும். உச்சச் சுற்றில் அதுவே தொண்டையை அடைக்கும். இரண்டு வகைக் காத்திருப்பை இங்கே பிரித்துப் பார்க்க வேண்டும். எத்தனை சுற்றில் பூஸ்ட் தொடங்கும் என்பது வேறு. அந்தச் சுற்றைத் தாண்டிய பிறகு மிதித்தால் எத்தனை நேரத்தில் வரும் என்பது வேறு. முன்னதைப் பெரும்பாலும் நத்தைக்கூடும், பின்னதைச் சக்கரத்தின் நிலைமமும் தீர்மானிக்கின்றன. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு தவறான பொருளை மாற்றுகிறவர்கள் ஏராளம்.

வரிசை ஆறு சிலிண்டருக்கு இயற்கையாகவே ஓர் அதிர்ஷ்டம் உண்டு. அது பற்றும் வரிசை 1-5-3-6-2-4. முதல் மூன்று சிலிண்டர்களை ஒரு கூட்டமாகவும் பின் மூன்றை மற்றொரு கூட்டமாகவும் பிரித்தால் புகைத் துடிப்பு ஒவ்வொரு கூட்டத்திலும் 240 டிகிரிக்கு ஒன்றாக, சம இடைவெளியில், மாறி மாறி வரும். நத்தைக்கூட்டை நடுவில் தடுத்து இரண்டு பாதையாக்கி, கூட்டத்துக்கு ஒரு பாதை விட்டால் ஒரு சிலிண்டரின் புகை இன்னொன்றின் திறந்த வால்வுக்குள் திரும்பிப் புகுந்து கெடுக்காது. துடிப்பின் வீரியம் சிதறாமல் சக்கரத்தை அடையும். 2019-இல் வந்த புதிய சுப்ராவின் எஞ்சின் பிஎம்டபிள்யூ தந்தது. அதுவும் மூன்று லிட்டர், வரிசை ஆறு. டர்போ ஒன்றே ஒன்று, இரட்டைப் பாதைக் கூட்டோடு. உச்ச முறுக்குவிசை 1600 சுற்றிலேயே கிடைக்கிறது. பழைய எஞ்சினில் அதற்கு 4000-ஐ நெருங்க வேண்டியிருந்தது.

டர்போவை எஞ்சினோடு இணைக்கும் மேனிஃபோல்டுதான் பட்டறையில் கையால் உருவாகிற பகுதி. ஆறு குழாய்களை வளைத்து, வெட்டி, ஆர்கான் வெல்டிங்கில் ஒட்டுவார்கள். குழாயின் உட்புறத்திலும் ஆர்கானை ஓடவிடாமல் ஒட்டினால் உள்பக்கம் கருகிச் சொரசொரப்பாகும். பின்னால் அங்கிருந்து உதிரும் துணுக்கு நேராக டர்பைனில் போய் மோதும். அதைவிடப் பெரிய எதிரி விரிவு. அரை மீட்டர் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாய் சிவக்கச் சூடேறினால் 7 மில்லிமீட்டர் வரை நீளும். அதைப் பிடித்திருக்கும் அலுமினிய சிலிண்டர் ஹெட்டோ தண்ணீர் ஓடிக் குளிர்ந்து அதைவிட மிகக் குறைந்த சூட்டில் நிற்கிறது. ஒரு முனை நகராது, மறு முனை நீளும், அதில் பல கிலோ எடையுள்ள டர்போ தொங்கும். விரிசல் விழுவது வெல்டிங்கின் ஓரத்தில். அழகாக வளைந்து ஓடும் நீளக் குழாய் மேனிஃபோல்டுகள் படத்தில் பிரமாதமாக இருக்கும். சாலையில் ஆண்டுக்கணக்கில் ஓட வேண்டிய காருக்குத் தடித்த சுவருள்ள குட்டைக் குழாயும் டர்போவைத் தாங்க ஒரு தனிச் சட்டமும் நல்லது.

பூஸ்ட் எல்லை மீறாமல் பார்த்துக்கொள்வது வேஸ்ட்கேட் என்ற கதவு. உபரிப் புகையை டர்பைனுக்குக் காட்டாமல் வெளியே விடும். இதைச் செங்குத்தாகத் திரும்பும் மூலையில் ஒட்டினால் புகை அந்தப் பக்கம் திரும்பாது, கதவு திறந்திருந்தும் பூஸ்ட் ஏறிக்கொண்டே போகும். வேஸ்ட்கேட் பெரிதாக இருந்தால் மட்டும் போதாது, புகை போக விரும்பும் வழியில் இருக்க வேண்டும். ஆயில் திரும்பும் குழாயும் இதுபோன்ற சின்ன விஷயம்தான். டர்போவின் தண்டு மெல்லிய ஆயில் படலத்தில் மிதக்கிறது. உள்ளே அழுத்தத்தோடு போகும் ஆயில் வெளியே வரும்போது நுரையாகி, தன் எடையால் மட்டுமே கீழே வழியும். குழாய் மெலிந்திருந்தாலோ வழியில் மேடு இருந்தாலோ ஆயில் தேங்கி சீல் வழியாகக் கசிந்து வெண்புகையாக வரும். டர்போ போய்விட்டது என்று புதிது வாங்குவார்கள். அதிலும் அதே புகை.

30 டிகிரியில் உள்ளே போன காற்று இரு மடங்கு அழுத்தத்தில் கம்ப்ரஸரை விட்டு வெளிவரும்போது 118 டிகிரி. காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் அதை 45-க்கு இறக்கினால் அடர்த்தி சுமார் 23 சதவீதம் கூடும். கூடவே, நாக்கிங் என்று மெக்கானிக்குகள் சொல்லும் தறிகெட்ட வெடிப்பின் ஆபத்தும் குறையும். எரிபொருள் கணக்கு இன்னும் நேரடியானது. காற்று 330 கிராம் என்றால் பெட்ரோல் 29 கிராம், அதுவும் ஒவ்வொரு நொடியும். லிட்டர் ஒன்று 26 நொடியில் காலி. ஜப்பான் காரின் பழைய இன்ஜெக்டர்கள் இந்த இடத்தில் திணறும். பம்போடு சேர்த்து மாற்ற வேண்டும். இந்தியாவில் இப்படி ஒரு காரைச் சாலைக்குக் கொண்டுவர நினைப்பவர் வாகனத்தில் செய்யும் மாற்றங்களைக் கட்டுப்படுத்தும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவைச் செலவுக்கு முன்பே படித்துவிடுவது நல்லது.

கடைசியில் ட்யூனிங். வேஸ்ட்கேட் ஸ்பிரிங் தரும் மிகக் குறைந்த பூஸ்ட்டில்தான் தொடங்குவார்கள். சக்தியை அளக்கும் டைனோவின் உருளைகள் மேல் கார் ஓட, ட்யூனர் காதில் ஹெட்ஃபோனோடு பிளாக்கின் சத்தத்தைக் கேட்டபடி ஸ்பார்க் நேரத்தை ஒவ்வொரு டிகிரியாக முன்னே தள்ளுவார். ஒரு டிகிரி கூட்டியும் முறுக்குவிசை ஏறவில்லை என்றால் அங்கேயே நிறுத்தி, ஒன்றிரண்டு டிகிரி பின்னே இழுத்துக்கொள்வார். பிறகு பூஸ்ட்டைக் கொஞ்சம் ஏற்றி, மீண்டும் முதலிலிருந்து. ஏதோ ஒரு ஓட்டத்தில் சுற்று மட்டும் திடீரென்று எகிறி முறுக்குவிசைக் கோடு கீழே விழுந்தால் எஞ்சினில் கோளாறு தேட வேண்டியதில்லை, பழைய கிளட்ச் வழுக்குகிறது. அதை மாற்றும்வரை பூஸ்ட்டை முந்தைய படியிலேயே பூட்டிவைப்பார்கள்.