வாசலில் நிற்கும் லாரி: பழைய பெயின்ட்டைச் சுரண்டும் முன்

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கம் வீட்டு வாசலிலேயே லாரியை நிறுத்திச் சுரண்டிக்கொண்டிருப்பவர்களைப் பார்க்கலாம். 8 ஆண்டு தாண்டிய வண்டிக்கு வருடா வருடம் எஃப்சி (தகுதிச் சான்று) எடுத்தாக வேண்டும். பட்டறையில் விட்டால் கூலியும் ஆகும், நாளும் ஆகும். ஒற்றை வண்டி வைத்து ஓட்டுபவர் டிங்கரிங், பட்டி, பெயின்ட் எல்லாவற்றையும் தானே பார்த்துக்கொள்வதில் ஆச்சரியமில்லை; பலர் பட்டறைக்காரர்களைவிடப் பொறுமையாகவே செய்கிறார்கள். ஒரு வித்தியாசம் உண்டு. பட்டறைத் தூசியில் பெரும்பகுதி பட்டறையிலேயே தங்கிவிடும். வாசலில் கிளம்பும் தூசி அடுப்படி வரை வரும்.

மஞ்சளிலும் ஆரஞ்சிலும் ஈயம்

எல்லோரும் பயப்படுவது புதுப் பெயின்ட்டின் வாடைக்கு. முதலில் பயப்பட வேண்டியது உரிந்து வரும் பழைய பெயின்ட்டுக்கு. பளிச்சென்ற மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு நிறங்களுக்காக லெட் குரோமேட் என்ற ஈயச் சேர்மம் நெடுங்காலம் பெயின்ட்டில் கலக்கப்பட்டது. விலை குறைவு, நிறமும் அழுத்தமாக இருக்கும். பெயின்ட்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதுவும் வீட்டுப் பெயின்ட்டுக்கும் அலங்காரப் பெயின்ட்டுக்கும் மட்டுமே. எனவே பழைய வண்டியில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறியிருக்கும் அடுக்குகளில் ஈயம் இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள். அடியில் உள்ள ரெட் ஆக்சைடு பிரைமரிலும் ஜிங்க் குரோமேட் கலந்த வகை உண்டு. அந்தக் குரோமியம் நுரையீரல் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது.

கிரைண்டரில் டிஸ்க் மாட்டித் தேய்த்தால் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு நுண்ணிய தூசி கிளம்பும். கேஸ் டார்ச்சால் சுட்டு உரிப்பது இன்னும் மோசம். ஈயம் புகையாகவே நெஞ்சுக்குள் போகும். தூசி படியும் இடம் தினமும் தண்ணீர் தெளித்துக் கோலம் போடும் அதே வாசல். அங்கே விளையாடும் குழந்தையின் கை அடிக்கடி வாய்க்குப் போகும். வாய் வழியாகப் போகும் ஈயத்தைப் பெரியவர்களைவிடக் குழந்தையின் உடல் 4 முதல் 5 மடங்கு அதிகமாக உறிஞ்சும். மூளை வளர்ச்சி, கவனம், படிப்பு எல்லாம் பாதிக்கப்படலாம். வெளியே ஒரு அறிகுறியும் தெரியாமல்கூட இருக்கலாம். ஈயத்தில் இவ்வளவு வரை பாதகமில்லை என்று சொல்லக்கூடிய அளவே கிடையாது. வீட்டில் கர்ப்பிணி இருந்தால் இந்த வேலையை வேறு இடத்தில்தான் வைத்துக்கொள்ள வேண்டும். இதில் நான் சமரசம் சொல்ல மாட்டேன்.

வாசலைத் தவிர வேறு வழியே இல்லையென்றால், உலர்ந்த உப்புத்தாளை விட்டுவிட்டு வாட்டர் பேப்பரால் ஈரத்தோடு தேயுங்கள். கீழே தார்ப்பாய் விரித்து, வழிந்த சேற்றை ஈரத்துணியால் வழித்துப் பையில் கட்டுங்கள். துடைப்பத்தால் கூட்டக் கூடாது. தேய்க்கும்போது வழியும் தண்ணீர் முருங்கைக்கோ கீரைப் பாத்திக்கோ போகக் கூடாது. தூசிக்கு, முகத்தில் இடைவெளியில்லாமல் பொருந்தும் என்95 மாஸ்க் வேண்டும். மூக்கைச் சுற்றிக் கட்டிய துண்டு நுண்ணிய தூசியைத் தடுக்காது. குளித்து உடை மாற்றிய பிறகுதான் குழந்தையைத் தூக்க வேண்டும். வேலைத் துணியைத் தனியாகத் துவையுங்கள்.

தின்னரும் பிரேக் தூசியும்

தின்னரில் கை கழுவுவது நம் ஊரில் பழகிப்போன பழக்கம். அது தோலின் எண்ணெய்ப் பசையைக் கரைத்து வெடிப்பை உண்டாக்கும். கொஞ்சம் உடலுக்குள்ளும் இறங்கும். தேங்காயெண்ணெய் தடவித் துடைத்து, சோப்புப் போட்டுக் கழுவினால் போதும். தின்னர் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு ஊர்ந்து போய்ச் சமையலறை அடுப்பிலோ வாசல் விளக்கிலோ தீப்பற்றலாம். பழைய பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம் என்பதால் பிரேக் டிரம்முக்குள் கம்ப்ரஸர் காற்று அடிக்காதீர்கள், நனைத்துத் துடையுங்கள்.

ஹார்டனர் கலந்த பெயின்ட்

சாதாரண எனாமலை ஸ்பிரே கன்னில் அடிப்பது ஒரு கதை, ஹார்டனர் கலந்து அடிக்கும் பியூ (பாலியூரித்தேன்) பெயின்ட் வேறு கதை. இந்த ஹார்டனரில் ஐசோசயனேட் என்ற ரசாயனம் இருக்கிறது. ஸ்பிரே செய்யும்போது நுண்துளியாக மூச்சில் போய் ஆஸ்துமாவை உண்டாக்கும். வாடை எச்சரிக்கும் என்று நம்ப முடியாது. மூக்குக்குத் தெரியும் முன்பே அளவு மீறியிருக்கலாம். உடல் ஒருமுறை ஒவ்வாமைக்கு ஆளாகிவிட்டால், பிறகு துளி பட்டாலும் மூச்சு அடைத்துக்கொள்ளும். அதன் பின் அந்தத் தொழிலையே விட வேண்டியதுதான்.

இதற்கு என்95 உதவாது. வெளியிலிருந்து நல்ல காற்றைக் குழாய் வழியே கொடுக்கும் முகமூடியுடன், பெயின்ட் பூத்தில் அடிக்க வேண்டிய பொருள் இது. தாடி இருந்தால், வடிகட்டி மாட்டிய கார்ட்ரிட்ஜ் மாஸ்க்கும் முகத்தில் சரியாக உட்காராது. பட்டி, பிரைமர் வரை வீட்டில் பார்த்துவிட்டு, பியூ கோட்டிங்கை மட்டும் பூத் இருக்கும் பட்டறையில் விடுங்கள். செலவு கட்டுப்படியாகாது என்றால் ஹார்டனர் தேவைப்படாத எனாமலைப் பிரஷ்ஷால் அடிக்கலாம். பளபளப்பு கொஞ்சம் குறையும். லாரிக்கு அது போதாதா?

டாக்டரிடம் என்ன சொல்வது?

ஐசோசயனேட் இருமலும் இழுப்பும் பல நேரங்களில் சில மணி நேரம் கழித்து, ராத்திரியில்தான் வரும். அதனால் பனி என்றோ சளி என்றோ நினைத்து மருந்து வாங்கிக் குடிக்கிறார்கள். ஈயம் ஏறினால் வயிற்றுவலி, மலச்சிக்கல், சோகை, காரணமில்லாத எரிச்சல் என்று வரும். அல்சர் என்று நினைத்து மாத்திரை போடுபவர்கள் உண்டு. நீங்களாகச் சொன்னால் ஒழிய டாக்டருக்கு லாரி நினைவுக்கு வராது. பெயின்ட், ஹார்டனர் டப்பாக்களின் லேபிளைப் போனில் படமெடுத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள். ரத்தத்தில் ஈய அளவு பார்க்கத் தனிப் பரிசோதனை இருக்கிறது. ஒரு டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமும் அதற்கு மேலும் இருந்தால், ஈயம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து நிறுத்த வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வழிகாட்டுதல். சுரண்டியவருக்கு மட்டும் பார்த்தால் போதாது. வாசலில் விளையாடிய குழந்தைக்கும் சேர்த்தே கேளுங்கள்.