தீயில் கருகிய அடுக்குமாடி: மின்சாரமும் தண்ணீரும் திரும்பி வர யார் பணம் கட்டுவது?

அடுக்குமாடியில் ஒரு வீட்டில் பற்றிய தீ சிறிது நேரத்தில் அணைந்துவிடலாம். ஆனால், பாதுகாப்புக்காகத் துண்டிக்கப்பட்ட மின்சாரம் திரும்பி வரப் பல நாள்கள் ஆகலாம். பக்கத்து வீட்டில் சுவர்கூடக் கருகியிருக்காது. ஆனால் விளக்கு எரியாது, பம்பு ஓடாததால் குழாயில் தண்ணீரும் வராது. அப்போது எழும் கேள்வி ஒன்றுதான்: இந்தச் செலவு யாருடையது?

எரிந்தது எந்தக் கம்பி, எந்தக் குழாய் என்பதைப் பொறுத்தே விடை அமையும்.

பொதுச் சொத்தா, வீட்டுச் சொத்தா?

தெனாகா நேஷனலின் கம்பியும் மீட்டரும் அந்நிறுவனத்தின் சொத்து. கட்டடத்திற்குள் பல வீடுகளுக்குப் பொதுவாகச் செல்லும் மின்கம்பிகள், தண்ணீர்க் குழாய்கள், பம்புகள் ஆகியவை 2013ஆம் ஆண்டு ஸ்ட்ராத்தா நிர்வாகச் சட்டப்படி பொதுச் சொத்து. அவற்றைச் சீரமைப்பது ஜேஎம்பி அல்லது எம்சி எனப்படும் நிர்வாக அமைப்பின் கடமை.

வீட்டுக்குள் இருக்கும் டிபி பெட்டி, சுவிட்சு, ஒயரிங் ஆகியவை வீட்டு உரிமையாளரின் பொறுப்பு.

எரிந்த இடத்தில் மின்சாரத்தை உடனே திறந்துவிட முடியாது. எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற குத்தகையாளரும் தகுதி பெற்ற வயர்மேனும் சோதித்து, ஜி, எச் பாரங்களில் கையெழுத்திட வேண்டும். அந்தக் கூலியும் மேற்சொன்ன கணக்குப்படியே பிரியும்.

காப்புறுதி எதைத் தரும்?

கட்டடத்திற்குத் தீ காப்புறுதி எடுப்பது நிர்வாகத்தின் சட்டப்பூர்வக் கடமை. மாதாமாதம் கட்டும் பராமரிப்புக் கட்டணத்திலிருந்தே அதற்கான சந்தா போகிறது. இது கட்டடத்தைக் காக்கும். வீட்டில் உள்ள டிவி, கட்டில், நகை, நாமே செய்த புதுப்பிப்பு வேலைகளை இது பொதுவாகக் காக்காது. பொருள்களுக்கு ‘ஹவுஸ்ஹோல்டர்’ பாலிசி தனியாக எடுத்திருக்க வேண்டும்.

வங்கிக் கடனோடு எடுத்த எம்ஆர்டிஏ இருக்கிறதே என்று பலர் நம்பியிருக்கிறார்கள். அது கடன் பெற்றவர் இறந்தாலோ நிரந்தரமாக முடங்கினாலோ கடனை அடைப்பதற்கானது. தீச்சேதத்திற்கு அதிலிருந்து ஒரு சென்கூட வராது.

காப்புறுதிப் பணம் போதாவிட்டால் நிர்வாகம் சிங்கிங் ஃபண்டைத் தொடலாம். ஜேஎம்பி காலத்தில் இந்நிதி பராமரிப்புக் கட்டணத்தில் 10 விழுக்காட்டுக்குச் சமம். அதுவும் போதாவிட்டால் பங்கு அலகின்படி எல்லா உரிமையாளர்களிடமும் வசூலிக்கப்படலாம். தீப்படாத வீட்டுக்காரரும் அதில் அடக்கம். பலர் பராமரிப்புக் கட்டணத்தைப் பாக்கி வைத்திருக்கும் குடியிருப்புகளில் இந்தச் சுமை பெரிதாக விழும்.

தீ தொடங்கிய வீட்டுக்காரர்தான் எல்லாம் கட்ட வேண்டுமா?

தானாகவே அப்படி ஆகிவிடாது. அவருடைய கவனக்குறைவு நிரூபிக்கப்பட வேண்டும். நிரூபிக்கப்பட்டால், இழப்பீடு கொடுத்த காப்புறுதி நிறுவனமே அவரிடம் பணத்தைக் கேட்டு வரலாம். அதனால் தீயணைப்பு மீட்புத் துறையின் அறிக்கை மிக முக்கியம்.

வாடகைக்கு இருப்பவர்கள்

மாதம் 124 ரிங்கிட் வாடகையில் பிபிஆர் வீடுகளில் நம்மவர்கள் பலர் வாழ்கிறார்கள். அங்கே கட்டடம் வாடகைக்கு விட்ட தரப்பின் சொத்து. எனவே பழுதுபார்க்கும்படி முதலில் கேட்க வேண்டியது அவர்களைத்தான். மின் கணக்கு வாடகையாளர் பெயரில் இருப்பதால் மட்டும் எரிந்த ஒயரிங் அவர் தலையில் விழாது. ஆனால், அனுமதியின்றி அவரே இழுத்த ஒயரால் தீ பற்றியிருந்தால் கதை வேறு. தனியார் வீடுகளில் வாடகை ஒப்பந்தத்தைப் பார்க்க வேண்டும்.

செய்ய வேண்டியவை

• சுத்தம் செய்வதற்கு முன் எல்லாவற்றையும் படம் எடுங்கள்.
• போலீஸ் புகார் செய்து, தீயணைப்புத் துறை அறிக்கைக்கு விண்ணப்பியுங்கள்.
• கட்டடக் காப்புறுதியின் நகலை நிர்வாகத்திடம் எழுத்து மூலம் கேளுங்கள்.
• பதிவு பெறாத ஆளை வைத்து ஒயரிங் செய்யாதீர்கள். எல்லா ரசீதுகளையும் பத்திரப்படுத்துங்கள்.

நிர்வாகம் அசையாவிட்டால் ஊராட்சி மன்றத்தில் உள்ள கட்டட ஆணையரிடம் புகார் செய்யலாம். அதன் பிறகும் தீராவிட்டால் ஸ்ட்ராத்தா நிர்வாக நடுவர் மன்றம் இருக்கிறது. 250,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கும். வழக்கறிஞர் வைக்கத் தேவையில்லை.

தீ வந்த பிறகு பாலிசியைத் தேடிப் பயனில்லை. உங்கள் கட்டடத்தின் காப்புறுதி எந்தத் தேதியில் முடிகிறது என்று இந்த வாரமே நிர்வாக அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.